கரிசல் சேற்றில் கைவின்ச்

ஐப்பசி மழையில் ஊறிய கரிசல் காட்டில், நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டியே ஆனாலும், பாதையை விட்டுச் சற்று விலகியதும் டயரின் வெட்டுகளில் மண் அப்பிக்கொண்டு, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அச்சு வரையில் இறங்கிவிடும் என்பதை அப்பிரதேசத்தார் நன்கறிவர். அவ்விதம் புதைந்து நின்ற மஹிந்திரா தார் ஒன்றை வெளிக்கொணர, மின்கம்பி இழுக்கும் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாளும் டிர்ஃபர் வகைக் கைவின்ச் ஒன்றை, 1.6 டன் சக்தியுள்ளதை, பிரயோகித்துப் பார்த்தேன்.

கிணற்றில் வாளிக் கயிற்றை ஒரு கை பற்றியிருக்க மறு கை முன்னேறிப் பிடிப்பதுபோல், இந்த யந்திரத்தினுள் இரண்டு ஜோடி இரும்புத் தாடைகள் மாறி மாறிக் கம்பி வடத்தைக் கவ்வுகின்றன. பாரம் ஏற ஏறப் பிடியும் இறுகுகிறது. வடம் சுற்றும் உருளை இல்லாமையால் அதன் நீளத்துக்கு யந்திரம் வரம்பு விதிப்பதில்லை. பாட்டரியை நம்பாததால், ஓடை நீர் புகுந்து எஞ்சின் அணைந்த வண்டிக்கும் இது உதவும்.

ஆயினும் கணக்கை மறந்து இதைத் தொடலாகாது. சக்கர மட்டத்துக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான விசையும், மட்கார்டு வரை புதைந்ததற்கு இருமடங்கும் வேண்டும் என்பது ராணுவ மீட்புக் கையேடுகளின் மதிப்பீடு. தாரோ 1.75 டன்னை ஒட்டிய எடையுள்ளது. நேராக இழுத்தால் சக்தி போதாது. பிடிவாதமாகத் தள்ளினால் கைப்பிடியிலுள்ள பாதுகாப்பு ஊசி அறுந்துபோகும். அது குறையன்று, வடம் அறாதபடி காக்கும் ஏற்பாடு. ஆகவே, அங்கு கிடைத்த ஒரே பிடிமானமான முதிர்ந்த சீமைக் கருவேல மரத்தின் அடிமரத்தில், வேரை ஒட்டி, அகன்ற நைலான் பட்டையைச் சுற்றி யந்திரத்தை மாட்டி, வண்டியின் கொக்கியில் ஸ்னாட்ச் பிளாக் எனும் கப்பியைப் பூட்டி, வடத்தின் முனையை மரத்துக்கே திருப்பிக் கட்டினோம். விசை இருமடங்காயிற்று, 20 மீட்டர் வடமோ 10 மீட்டர் தூரத்துக்கே எட்டிற்று. சக்கரங்களின் முன்னிருந்த சேற்றை மண்வெட்டியால் வெட்டியெடுத்த பிறகு கைப்பிடியை அசைக்கவே, டயரைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பி, உறிஞ்சிப் பிடித்திருந்த மண் பெருமூச்சு விட்டாற்போன்ற ஓசையோடு விடுவித்தது.

வேகம் இதனிடம் கிடையாது. கப்பி பூட்டியபின் ஓர் அசைப்புக்கு வண்டி நகர்வது இரண்டு மூன்று சென்டிமீட்டரே. வலுவுள்ள இருவர் மாறி மாறித் தள்ளியும் வியர்த்துப் போவார்கள். வடத்தோடு சேர்த்தால் யந்திரத்தின் எடை 20 கிலோவைத் தாண்டும். சிறிய ஜீப்பில் இது அடைக்கும் இடம் சற்றே அதிகம். கம்பியின் முறிந்த இழைகள் முள்ளாய்க் குத்துமாதலால் தோல் கையுறை இன்றியமையாதது. வடம் அறுந்தால் சாட்டைபோல் சுழலும். அதன்மேல் ஈரக் கோணிச் சாக்கைப் போட்டு, இழுப்பவர் தவிர மற்றவரை எட்ட நிறுத்தவேண்டும். சேறு புகுந்த தாடைகளை மண்ணெண்ணெயில் அலசி, தாராளமாக எண்ணெய் விடவேண்டும். எண்ணெயால் பிடி வழுக்குமோ என்ற அச்சம் அநாவசியம்.

துணைவண்டியோடு செல்பவருக்கு நெகிழும் நைலான் கயிறொன்றே பெரும்பாலும் போதும். தனியே காட்டுப் பாதையில் செல்பவர், மின்சார வின்ச் வாங்குமுன் இதனைப் பரிசீலிப்பது நலம். ஆனால் கப்பியையும் மாற்று ஊசிகளையும் சேர்த்தே வாங்குங்கள்.