கட்டிவைக்கப்பட்ட எலி

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் தலித் தன்வரலாறுகள் பற்றிப் பேச்சு வந்தது. "எல்லாம் ஒரே பொலம்பலா இருக்குங்க. இது எழுதறவங்களோட டிப்ரஷன்" என்றார் விமர்சக நண்பர் ஒருவர். பின்னாலிருந்த என் அக்கா மகன் சொன்னான்: "எனக்கும் டாக்டரு அதான் சொன்னாரு மாமா. மூளையில செரட்டோனின் கம்மியாம்." காலேஜில் சாதியால் ஒதுக்கப்பட்டவன் அவன். அதை யாரும் கேக்கல.

இரண்டும் ஒரே தீர்ப்புதான். வலியை உடம்புக்குள் பூட்டிவிட்டு, வலி தந்தவனை விடுதலை செய்கிற தீர்ப்பு.

இந்தக் 'கம்மி'க்கும் ஒரு வரலாறு உண்டு. நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பின் ரத்தக் கொதிப்புக்குத் தரப்பட்டது. சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்துபோனார்கள். அந்த மருந்து மூளையில் செரட்டோனின் போன்றவற்றை வற்றடிப்பதும் தெரிந்தது. 1960களின் ஊகம் இப்படித்தான் வலுப்பெற்றது. 2022இல் லண்டனின் ஜொவான்னா மான்கிரீஃப் குழு, அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றது.

அப்போ மூளையில் ஒண்ணும் நடக்கலியா? நடக்குது. 2002இல் பெங்களூரில் சுமந்த்ர சட்டர்ஜி குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள், அசையவிடாமல் வைத்தது. நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்கான அமிக்டலாவிலோ வளர்ந்தன. விடுவித்து 21 நாளாகியும் அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2004இல் எழுதினார்கள்.

எலி மனுசன் இல்லைதான். மனச்சோர்வுக்கு மரபணு, நோய், இழப்பு என்று பல வாசல்கள். மாத்திரை பலருக்கு உதவுது. "நீயா நிறுத்திடாதடா" என்றுதான் அவனிடம் நானும் சொன்னேன். என் கேள்வி வேறு. அந்த ஆய்வில் எலியை யாரும் குற்றம் சொல்லவில்லை. கட்டினது யாரு, எவ்வளவு நேரம்னு கட்டுரையிலேயே இருக்கு. நம் விசயத்தில் மட்டும் கட்டியவன் பெயர் காணாமல் போகிறது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிர்விட்டபோது, ரூபன்வால் கமிஷன் சொந்தப் பிரச்சினைகளையே காரணம் காட்டியது.

நண்பரே, நம் தன்வரலாறுகளை அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் போலத்தான் நான் வாசிக்கிறேன்: யார் கட்டினார்கள், எந்தத் தெருவில், எத்தனை தலைமுறையாக. அதைக் கிழித்தெறிந்துவிட்டு எலியை மட்டும் பார்த்தால் பொலம்பலாகத்தான் கேக்கும்.