துக்காராம் அபங்கங்களில் பஞ்சமும் இறையருளும்

இறைவன் அருளாளன் எனின், காரணம் புலப்படாத துன்பம் உலகில் நிகழ்வது ஏன் என்னும் வினா, பக்தி இயக்கத்திற்கு முன்பே தமிழில் எழுந்துள்ளது. ஓரில்லத்தில் சாவும் வேறோர் இல்லத்தில் மணமும் ஒருங்கே நிகழக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், படைத்தவனையே பழிக்கிறார் (புறம். 194). இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவரும் படைத்தவன் மீதே சினம் கொள்கிறார் (குறள். 1062).

பக்தி மரபு இவ்வினாவை வேறு வகையில் எதிர்கொள்கிறது. சமணம் சார்ந்திருந்த திருநாவுக்கரசரைச் சைவத்திற்கு மீட்ட அருட்செயலாகவே அவருற்ற சூலை நோயைப் பெரியபுராணம் காட்டுகிறது. நோயுற்றவரும் அருள்பெற்றவரும் ஒருவரே ஆதலின் இங்கு முரண் தோன்றுவதில்லை.

மராத்திப் பக்திக் கவிஞர் துக்காராமின் நிலை இதனின் வேறானது. அவர் 17ஆம் நூற்றாண்டில், புனேக்கு அருகில் இந்திராயணி ஆற்றங்கரையிலுள்ள தேஹூவில் வாழ்ந்த வணிகர். 1630-32ஆம் ஆண்டுகளில் தக்காணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதில் அவர் பொருளையும் மதிப்பையும் இழந்தார். மனைவியருள் ஒருவர் உணவு வேண்டி அரற்றியே இறந்தார். இதனைத் தன்வரலாறு கூறும் அபங்கம் ஒன்றில் அவரே பதிவு செய்துள்ளார்.

எனினும் பிறிதோர் அபங்கம், வணிகம் நொடித்ததும் பஞ்சம் வருத்தியதும் நன்றே என இறைவனிடம் கூறுகிறது. மற்றொன்று, மனைவியின் இறப்பை அவளுக்கு விடுதலையாகவும் தமக்கு மாயை நீக்கமாகவும் கொள்கிறது. இவற்றைத் துறவுள்ளத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. தம் இழப்பை அருளென ஏற்கும் உரிமை துக்காராமுக்கு உண்டு. ஆனால் பசியால் இறந்தவளின் துன்பம் அவரது ஞானத்திற்குக் கருவியாயிற்று எனின், அவளுக்கு இறைவன் அருளியது யாது? விடுதலை என்பது அவர் கூறும் விடையே. அவள் குரலாக அபங்கத்தில் எஞ்சுவது உணவு கேட்ட அரற்றல் ஒன்றே.

ஆகவே துன்பத்தை அருளாகக் காணும் பக்தி மரபின் விடை, துன்புற்றவர் தம்மைக் குறித்துக் கூறும்போது சான்றாகிறது. பிறர் துன்பத்திற்கு விரிக்கப்படும்போது வலுவிழக்கிறது. நன்கணியாரின் வினா அங்கு மீண்டும் உயிர்பெறுகிறது. இறையருளைப் போற்றிய துக்காராம் அவ்வரற்றலை மறைக்கவில்லை. தம் விடைக்கு எதிரான சான்றையும் தாமே காத்து வைத்த இந்நேர்மையே அபங்கங்களின் பக்திக்கு வலுச் சேர்க்கிறது எனலாம்.