'உன் தொழில் என்ன?' – ஒரு பழைய நூலும் நம் பஞ்சாலைகளும்

தடய அறிவியல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன எவை? கைரேகை, இரத்தக்கறை, நஞ்சுப்புட்டி. ஆனால், இருபது ஆண்டுகளாக மூச்சுக்காற்றோடு சிறிது சிறிதாக உடலில் சேரும் நஞ்சுக்குத் தடயம் எங்கே? இக்கேள்வி எழும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கத்தக்க நூல் ஒன்று உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப்பற்றி 1700-இல் இலத்தீனில் வெளியிட்ட நூலே அது.

நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஹிப்போகிரட்டீஸ் வகுத்திருந்தார். அவற்றோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்க்கச் சொன்னார் ரமஸ்ஸினி. நூலின் உயிர்நாடி இதுதான். கழிவுக்குழி சுத்தம் செய்பவரிடமும் குயவரிடமும் நேரில் சென்று கேட்டு எழுதினார். சணல், ஆளி நார்களைச் சிக்கெடுப்போர் தூசியால் ஓயாது இருமுவதையும் குறித்துவைத்தார்.

நூலின் குறையையும் சொல்லவேண்டும். காற்றில் எவ்வளவு தூசி இருந்தால் தீங்கு என்ற அளவு அதில் இல்லை. அளவு இல்லாத இடத்தில் பொறுப்பைச் சுமத்த முடியாது. அந்தக் குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்கா 1978-இல்தான், நூற்புப் பகுதியில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத்தூசிக்கு மேல் கூடாது என வரையறுத்தது.

கோவைக்கு வருவோம். 1888-இல் இங்கு முதல் நூற்பாலை எழுந்தது; 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் தூசியால் வருவது பிசினோசிஸ் என்னும் நோய். விடுமுறை கழிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்த நாள் தேவலாம் போலிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் மூச்சு வாங்கும்.

இங்குதான் நம் சான்று முறையின் குறை தெரிகிறது. சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் புள்ளிகளாகத் தெரியும். ஈய நஞ்சு இரத்தச் சோதனையில் அகப்படும். பிசினோசிசுக்கோ தனி அடையாளம் எக்ஸ்ரேயில் இல்லை. பிணப் பரிசோதனையிலும் சாதாரண நாட்பட்ட மார்ச்சளி நோய் போலவே தோன்றும். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றும், 'படத்தில் ஒன்றுமில்லை. பீடி குடித்ததால் வந்தது' என்ற ஒரு வரியில் இழப்பீடு போய்விடலாம்.

அப்படியானால் தடயம் எது? தொழிலாளி சொல்லும் வரலாறே தடயம். 1950-களில் லங்காஷயர் பஞ்சாலைகளை ஆராய்ந்த ஷில்லிங், எந்தெந்த நாளில் நெஞ்சு இறுகுகிறது என்பதை வைத்தே நோயின் படிநிலைகளை வகுத்தார். விடுமுறை கழிந்த முதல் நாளில், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு எண்ணும் துணை நிற்கும். வார விடுமுறை ஞாயிறாக இல்லாத ஆலையில் 'திங்கட்கிழமை எப்படி?' என்று கேட்டுப் பயனில்லை. 'லீவு முடிந்த மறுநாள் எப்படி?' என்று கேட்கவேண்டும்.

உங்கள் வீட்டில் ஆலைக்குச் சென்ற பெரியவர் இருந்தால், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதீர்கள்.