திருகிய முயல்: விடையும் விளக்கமும்

ஒரு கணித வினாவுக்கு விடை காண்பது வேறு. அவ்விடை ஏன் அவ்வாறு அமைந்தது என உணர்த்துவது வேறு. 'திருகிய முயல்' வினாவின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஒரு சிக்கலெண்ணை வர்க்கித்து, மாறிலியொன்றைக் கூட்டும் செயலைத் திரும்பத் திரும்பச் செய்க. பூச்சியத்திலே தொடங்கி, மூன்றாம் படியிலே முதன்முறையாகப் பூச்சியத்துக்கு மீளும் இத்தகைய பல்லுறுப்பிகள் மூன்றே. அவை தரும் உருவங் கருதி முயல், எதிர்முயல், விமானம் என்பர். முயற்பாதையின் மற்றிரு புள்ளிகளைச் சூழ்ந்த வளையமொன்றை ஒட்டித் தளத்தைப் பலமுறை திருகினால் வருவது பல்லுறுப்பியன்று. எனினும், தேர்ஸ்ரனின் கொள்கைவழி, இடத்தியல் நோக்கில் அது அம்மூன்றுள் ஒன்றுக்குச் சமானமாகும். எதற்கு? இதுவே ஹபார்ட் எழுப்பிய வினா.

2006இல் பார்த்தோல்டியும் நெக்ராசேவிச்சும் அட்சரகணித வழியில் விடை கண்டனர். திருகல்களின் எண்ணை நான்கின் அடியில் எழுதுக. மறையெண்ணாயின் அது இடப்புறம் முடிவின்றி நீளும். 1 அல்லது 2 என்னும் இலக்கம் தோன்றின் விமானம். தோன்றாவிடின், மறையெண்ணுக்கு எதிர்முயல், ஏனையவற்றுக்கு முயல். அழகிய விடைதான். ஆயின் அக்கணிப்பைத் தொடர்பவர் நம்புகின்றாரேயன்றிக் காண்கின்றாரல்லர்.

2022இல் வெளிவந்த பெல்க், லனியர், மார்கலிற், வினார்ஸ்கி ஆகியோரின் கட்டுரை இக்குறையைப் போக்குகின்றது. புள்ளிகளை இணைக்கும் மரமொன்றை வரைந்து, அதன் முன்னுருவை எடுத்து, வேண்டாத கிளைகளைக் களைக; மீண்டும் அவ்வாறே செய்க. மரம் ஹபார்ட் மரத்தின் அயலை அடையும். அம்மரமே பல்லுறுப்பியை இனங்காட்டும். எப்பல்லுறுப்பிக்கும் சமானமாகாதவிடத்துத் தடை யாதெனவும் இம்முறை காட்டும்.

நெக்ராசேவிச்சின் ஆய்வின்மீதே இதுவும் எழுந்தது என்பதை மறத்தலாகாது. முன்னையது விடை தந்தது. பின்னையது கண் தந்தது. நிறுவலை மனனஞ் செய்வதே கல்வியென எண்ணும் மாணவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பயிலல் வேண்டும்.