நடுக் கிரீனுக்கு அடித்தவர்

குழியைக் காட்டும் கொடியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள குறும்புல் தரையான கிரீனின் நடுவுக்குப் பந்தை அனுப்பும் மூத்த கோல்ப் வீரரைக் கண்டால், "வயது போயிட்டுது, பயப்பிடுறார்" என்பார்கள். ‘லெஜன்ட்ஸ் ஒஃப் கோல்ப்’ என்ற மூத்தோர் சுற்றுப்போட்டியில் அந்த அடியைப் போல் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது வேறொன்றில்லை.

1978இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் அது தொடங்கியபோதே சோடிகளின் போட்டி. இருவரும் தத்தம் பந்தை ஆடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் இருவரில் சிறந்த எண்ணிக்கை மட்டும் கணக்கில் சேரும். முதலில் அடிப்பவர் பந்தைக் கிரீனின் நடுவில் இறக்கினால், இரண்டு புட்டில், அதாவது இரண்டு உருட்டலில், குழிக்குக் குறித்த அடிக்கணக்கான பார் ஏறக்குறைய உறுதி. அதன் பிறகு கூட்டாளி தண்ணீருக்குப் பக்கத்திலிருக்கும் கொடியை நேராகக் குறிவைக்கலாம். தவறினாலும் சோடிக்கு இழப்பில்லை. முதலாமவரும் கொடிக்கே அடித்துத் தண்ணீரில் விழுத்தியிருந்தால் இரண்டாமவரின் கை கட்டப்பட்டிருக்கும். ஆனால் பாரைவிட ஓரடி குறைவாக முடித்து பேர்டி போட்டவருக்குத்தான் கைதட்டல். கிளிநொச்சியில் கரப்பந்தாட்டம் பார்ப்பவருக்கு இது தெரியும்: சேர்விஸை நிதானமாக எடுத்துக் கொடுப்பவன் இல்லாமல் அடிப்பவன் இல்லை.

1979இல் வெற்றியாளரைத் தீர்மானிக்க ஆறு குழிகள் கூடுதலாக ஆடவேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் அதற்குக் கிடைத்த வரவேற்புத்தான் 1980இல் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான தொழில்முறைச் சுற்று பிறக்க வழிவிட்டது. இடையில் சில ஆண்டுகள் இதைத் தனிநபர் போட்டியாக்கினார்கள். அது போட்டியின் உயிரையே எடுத்த முடிவு.

2014இல் மிசூரிக்குப் போனபோது சோடிகள், குழிக்கு மூன்று அடியே கணக்கான பார்-3 மைதானத்திலும் ஆடின. அங்கே முதல் அடியே கிரீனுக்கான அடி. தூரம் அடிக்கும் இளந்தோளுக்கு வேலையில்லை. நடுவா கொடியா என்ற கேள்வி ஒவ்வொரு குழியிலும் எழுந்தது. மூத்தோர் கோல்பின் மிகச் சிறந்த வடிவம் அதுவே. 2019க்குப் பின் அந்தச் சுற்றுப்போட்டி நடக்கவில்லை. 2020இல் கொவிட் நிறுத்தியது, பிறகு மீளவில்லை.

வயதை மட்டும் பார்க்கும் தவறு நம்மிடமும் உண்டு. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த 72 வயதுப் பெண் 1500 மீற்றரிலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றபோது, நாமும் வயதைத்தான் பெரிதாகப் பேசினோம். வேகத்தை அவர் எப்படிப் பங்கிட்டார் என்று கேட்டிருக்க வேண்டும்.

சோடிப் போட்டி திரும்பி வரும், அதுவும் குறுகிய மைதானங்களில். அணிக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடப்போவது பேர்டிக்காரரை அல்ல, நடுக் கிரீனுக்கு அடிப்பவரைத்தான். வன்னியிலும் நாற்பது கடந்தவர்களுக்கான கரப்பந்து பெருகும். அங்கே நல்ல சேர்விஸ் எடுப்பவரை வைத்திருக்கும் கழகமே கிண்ணம் தூக்கும்.