பாதரசச் சோதனை: யாருக்கு, எப்போது?

தனியார் லேப்கள் முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் 'கன உலோகங்கள்' என்றொரு பகுதியையும் சேர்த்து விற்கின்றன. பாதரசமும் அதில் அடக்கம். மீன் இல்லாமல் சோறு இறங்காத மும்பைத் தாராவிக்காரரும் செம்பூர்க்காரரும் அதற்குப் பணம் கட்டலாமா?

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. தானேயை ஒட்டி ஓடும் உல்லாஸ் ஆற்றின் முகத்துவாரச் சேற்றில், காஸ்டிக் சோடா ஆலைக் கழிவுகளிலிருந்து வந்த பாதரசம் படிந்திருப்பதை தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சேற்று நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்குப் போகப்போகச் செறிவு ஏறுகிறது. ஜப்பானில் 1956-ல் வெளிப்பட்ட மினமாட்டா பாதரச நச்சுத் துயரம் மீன் வழியாகத்தான் வந்தது.

சரியான சோதனைக்குப் பலம் அதிகம். மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். ஆகவே ரத்தம் கடந்த இரண்டொரு மாதத்து உணவைக் காட்டிவிடும். தலைமுடி இன்னும் பின்னோக்கிப் போகும். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், பிடரியில் வெட்டிய கற்றை ஒரு நாட்குறிப்பைப் போல மாதவாரியாகக் கணக்குச் சொல்லும். ஊசி வேண்டாம், ஐஸ்பெட்டி வேண்டாம். கோலிவாடா என்னும் மீனவக் குடியிருப்பு முழுக்க ஆய்வு நடத்த இதைவிட எளிய வழி இல்லை.

குறைகள் சோதனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன. சிறுநீர்ச் சோதனை, கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் தொழிலாளர்கள் சுவாசித்த பாதரச ஆவி போன்றவற்றுக்குப் பொருந்தும். மீனிலிருந்து வருவது பெரும்பாலும் மலத்தில் கழிவதால் சிறுநீரில் சரியாகத் தெரியாது. ரத்தச் சோதனையோ எல்லாப் பாதரசத்தையும் சேர்த்தே கூட்டுகிறது. சிவப்பழகு கிரீம், பாதரசம் சேர்ந்த மருந்து, பல்லை அடைத்த கலவை எல்லாம் அதில் கலக்கலாம். கிரீமால் சிறுநீரகம் கெட்ட அகோலா குடும்பம் ஒன்றின் கதை 2023-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனை வழியே செய்தியானது. விசாரிக்காமல் மீன்மேல் பழி போட்டால் உண்மைக் காரணம் தப்பிவிடும்.

அடுத்தது எண்ணின் பொருள். அமெரிக்காவின் பாதுகாப்பு அளவு ரத்தத்தில் லிட்டருக்கு 5.8 மைக்ரோகிராம் அளவில் நிற்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் 58 என்ற அளவை எடுத்து, முன்ஜாக்கிரதையாகப் பத்தால் வகுத்து வந்த எண் அது. 7 வந்தால் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வரும். நோய் வந்ததாக அர்த்தமில்லை. எந்த உணவிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். தாய்மார் திமிங்கில இறைச்சி உண்ட ஃபாரோ தீவுகளில் பிள்ளைகளின் நினைவாற்றலிலும் மொழித்திறனிலும் குறை தெரிந்தது. வாரத்தில் பலவேளை மீன் உண்ணும் செஷல்ஸில் அப்படித் தெளிவான பாதிப்பு தென்படவில்லை. எதைத் தின்றார் என்று கேட்காத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். அதைப் பார்த்துப் பயந்து மீனையே விடுகிறவர், மலிவான புரதத்தையும் ஒமேகா-3 கொழுப்பையும் இழக்கிறார்.

காலமும் முக்கியம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். சுறாவோ பாதரசம் கூடுதலாகச் சேரும் இரைதின்னி. ஆனால் மெத்தில் பாதரசம் தாய்ப்பாலைவிட நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்கு அதிகம் போகிறது. பிரசவத்துக்குப் பின் சோதிப்பது காலம் கடந்த செயல்.

என் கணிப்பில், வாரம் இரண்டு நாள் சாளை, நெத்திலி, அயிலை சாப்பிடுகிறவருக்கு இந்தச் செலவு வீண். சுறா, பெரிய வஞ்சிரம் அடிக்கடி உண்ணும் கர்ப்பிணிக்கும், கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கும், கழிமுக மீனையே நம்பி வாழும் மீனவக் குடும்பத்துக்கும் இது தேவை. அவர்களுக்கு மாநகராட்சி மருத்துவமனைகள் இலவசமாகச் செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளில் மீனுக்குப் பாதரச வரம்பு இருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் மீனும் பாதரசக் கண்காணிப்புக்கு உட்பட்டது. உள்ளூர்ச் சந்தை மீனையும் அதே கண்டிப்போடு சோதித்து, முடிவை மீன் பெயரோடு மராத்தியிலும் தமிழிலும் சந்தையிலேயே எழுதிவைத்தால், பலருக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய தேவையே வராது.