கில்டாவின் குரல்

'கில்டா' (1946) படத்தில் றீற்றா ஹேவேர்த் நீண்ட கையுறையொன்றைக் கழற்றியே திரையை ஆள்கிறார், அவ்வாற்றலை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கு ஒலிக்கும் பாட்டுக்குரல் அனிற்றா எல்லிசினுடையது. கதையோ, கில்டாவை அறைந்த ஆணிடமே அவளை ஒப்படைத்து முடிகிறது.

பெயரும் கொலம்பியா நிறுவனம் மாற்றியதே. ஸ்பானிய நடனக்காரரின் மகளான மார்கறீற்றா கன்சீனோவின் கருங்கூந்தலுக்குச் செந்நிறம் பூசி, நெற்றிமயிரை மின்னூசியாற் பொசுக்கி, 'அமெரிக்க அழகி'யாக்கி விற்றது அந்நிறுவனம். 1941இல் 'லைப்' சஞ்சிகையில் வெளிவந்த அவரது படம் போர்க்காலப் பாசறைகளெங்கும் தொங்கிற்று.

1946 யூலை 1இல், பிக்கினித் தீவின் 167 குடிகளை முன்னரே அகற்றிவிட்டு, அமெரிக்கா அங்கு வெடிக்கச்செய்த அணுக்குண்டிலும் கில்டாவின் படம் ஒட்டப்பட்டிருந்தது. றீற்றா கொதித்தெழுந்தார் என அன்றைய கணவர் ஓர்சன் வெல்ஸ் பின்னர் கூறினார். பத்திரிகையாளரைக் கூட்டிக் கண்டிக்க முனைந்தவரைக் கொலம்பியா அதிபர் ஹறி கோன் தடுத்தாராம். தேசப்பற்றுக்கு ஒவ்வாதாம்!